ஓசிடியில் சறுக்கல் வரும்போது: மீண்டுகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர்களும் ஓசிடி என்று மற்ற எல்லோரும் சொல்லும் நோய்க்குச் சிகிச்சை எடுத்து, சில வாரங்களோ மாதங்களோ நிம்மதியாக இருந்த ஒருவர், திடீரென ஒரு நாள் பழையபடி குழாயடியில் அரைமணி நேரம் கை கழுவிக்கொண்டு நின்றுவிட்டால், அவருக்கு முதலில் தோன்றுவது "பட்டபாடெல்லாம் வீண்" என்பதுதான். அந்த நிலையில் இருப்பவருக்காகவும், அவருடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இன்னும் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்காதவர்கள் முதலில் அதைச் செய்ய வேண்டும்; இங்கே சொல்லப்படுபவை சிகிச்சையுடன் சேர்த்துச் செய்வதற்கானவை, சிகிச்சைக்கு மாற்று அல்ல. மேலும், இக்கட்டுரையில் சடங்கு என்று வரும் இடமெல்லாம் வேண்டாத எண்ணம் எழுப்பும் படபடப்பை அடக்க நோய் நம்மைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டாயச் செயலையே குறிக்கும்.

சறுக்கல் ஏன் வருகிறது

அச்சத்தைத் தூண்டும் பொருளையோ இடத்தையோ எண்ணத்தையோ வேண்டுமென்றே எதிர்கொள்வதும், அதன்பின் வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பதுமே ஓசிடிக்கான நடத்தைச் சிகிச்சையின் அடிப்படை. லண்டனில் பணியாற்றிய விக்டர் மேயர் 1966-இல் இரண்டு நோயாளிகளுக்கு இம்முறை பலனளித்ததை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சைதான் இன்று ஈ.ஆர்.பி. (Exposure and Response Prevention) என்ற பெயரில் உலகெங்கும் தரப்படுகிறது.

இச்சிகிச்சையால் பழைய அச்சம் மூளையிலிருந்து அழிக்கப்பட்டுவிடுவதில்லை என்பதைப் புதிதாகச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு யாராவது முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் நாய்களிடம் செய்த சோதனைகளிலேயே இது தெரிந்துவிட்டது: உணவு வருவதை உணர்த்தும் தூண்டலை உணவில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்து எச்சில் ஊறுவதை நிறுத்திவிட்டாலும், சிறிது இடைவெளிக்குப் பின் அதே தூண்டல் வந்தால் எச்சில் மீண்டும் ஊறியது. அச்சமும் அப்படித்தான். பயிற்சியின்போது நாம் கற்பது "கழுவாமல் இருந்தாலும் என்னால் இருக்க முடிகிறது" என்ற புதிய பாடம். அது பழைய பாடத்தின் பக்கத்தில் அமர்கிறதே தவிர, பழையதை வெளியேற்றுவதில்லை. ஆகவே காலம் கடந்தாலோ, இடம் மாறினாலோ, வாழ்க்கையில் பெரிய அதிர்ச்சி நேர்ந்தாலோ பழைய பாடம் தலைகாட்டுகிறது. அது தலைகாட்டும் இடம் பெரும்பாலும் நம் பயிற்சி இன்னும் எட்டாத இடமாக இருக்கும் என்பதால்தான் ஒரு சறுக்கலை ஆராய்வது பயனுள்ள வேலையாகிறது.

மருத்துவர்களின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. நோயின் கடுமையை 0 முதல் 40 வரை மதிப்பிடும் யேல்-பிரவுன் அளவுகோலில் மதிப்பெண் 35 விழுக்காடு குறைந்தாலே சிகிச்சை பலனளித்தது என்று கொள்கிறார்கள். 12 அல்லது அதற்குக் கீழே வந்து ஒரு வாரமாவது நீடித்தால் நோய் தணிந்தது என்கிறார்கள். பூஜ்யம் வர வேண்டும் என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பது பெரும்பாலும் ஓசிடிதான், ஏனெனில் எதிலும் முழுமையான உறுதி வேண்டும் என்பதுதான் அதன் பழைய கோரிக்கை.

முதல் படி: எதை அளப்பது என்று முடிவு செய்தல்

சறுக்கலை எண்ணத்தின் வருகையைக் கொண்டு அளக்கக் கூடாது. எண்ணம் வந்தபின் நாம் என்ன செய்தோம் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதையே வையுங்கள்.

காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும் இளம் தாய்க்குப் பக்கத்தில் விளையாடும் குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்ற எண்ணம் மின்னலாக வந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன என்பதை ஸ்டான்லி ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்தத் தாய் எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுத் தொடர்ந்து நறுக்கினால், மனம் எவ்வளவு படபடத்தாலும், அது சறுக்கல் அன்று, நல்ல பயிற்சி. மாறாக, கத்தியை மேல் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு, "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று மனத்துக்குள் பத்து முறை சொல்லி, மாமியாரை அழைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொன்னால், அங்கே மூன்று சடங்குகள் நடந்திருக்கின்றன. இரண்டிலும் வந்த எண்ணம் ஒன்றே.

இப்படி அளக்கத் தொடங்கினால், சறுக்கல் என்று நாம் கணக்கில் வைத்திருந்த பல நாட்கள் வெறும் கடினமான நாட்களாக மாறிவிடும். மிஞ்சுவனவற்றில் ஒருமுறை இருமுறை சடங்கில் விழுந்தது ஒரு வகை. பல நாட்கள் தொடர்ந்து சடங்கின் நேரமும் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போவது மற்றொரு வகை. முன்னதை நாமே கையாளலாம், பின்னதற்கு மருத்துவரின் துணை வேண்டும்.

இரண்டாம் படி: அன்றைய தினமே செய்ய வேண்டியது

சடங்கில் விழுந்தபின் பலரும் தங்களுக்குத் தாங்களே தண்டனை விதித்துக்கொள்கிறார்கள், அல்லது "நாளையிலிருந்து ஒருமுறைகூடக் கூடாது" என்று புதிய சபதம் எடுக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். சபதம் உடைந்த அடுத்த நொடி "இனி எப்படிப் போனால் என்ன" என்ற எண்ணம் வரும். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடம் ஒரு கோப்பை முழுப் போத்தலாக மாறுவதும் இந்த வழியில்தான்.

அதற்குப் பதில் சடங்கைக் கெடுத்துவிடுங்கள். கதவின் கைப்பிடியைத் தொட்டதற்காகக் கை கழுவிவிட்டீர்கள் என்றால், துடைத்த கையோடு போய் அதே கைப்பிடியை மீண்டும் தொட்டுவிட்டு, அந்தக் கையால் உங்கள் சட்டையையும் தலையணையையும் தொடுங்கள். ஒரு தவறான எண்ணத்தை ரத்து செய்ய மனத்துக்குள் மந்திரம் சொல்லிவிட்டீர்கள் என்றால், அந்த எண்ணத்தை வேண்டுமென்றே ஒருமுறை மீண்டும் நினைத்துவிட்டு, இம்முறை மந்திரமில்லாமல் வேலையைத் தொடருங்கள். ஈ.ஆர்.பி. தரும் உளவியலாளர்கள் உண்மையாகவே கற்றுத்தரும் உத்தி இது. சடங்கு கொடுத்த நிம்மதியை அனுபவிக்க விடாமல் செய்வதால், மூளைக்கு அந்தச் சடங்கு கிடைத்தும் கிடைக்காததுபோல் ஆகிறது. முதல் பத்து நிமிடம் மிகக் கடினமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழுதாகக் கெடுக்க முடியாத அளவு களைத்திருந்தால், அன்று உறங்கும் முன், சிகிச்சையில் போட்டுவைத்த உங்கள் பயிற்சிப் பட்டியலிலேயே மிக எளிய பயிற்சி ஒன்றைச் செய்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எழுதிப் பார்த்தல்

மறுநாள், படபடப்பு அடங்கியபின், ஒரு நோட்டில் நடந்ததை எழுதுங்கள். எங்கே, எப்போது, என்ன தூண்டியது. என்ன நேரும் என்று பயந்தீர்கள். சரியாக என்னென்ன செய்தீர்கள். கடைசியில் உண்மையில் என்ன நடந்தது. அவ்வளவுதான். அரைப்பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், ஒரு சறுக்கலுக்கு ஒருமுறைக்கு மேல் எழுதவும் வேண்டாம். எழுதியது சரியாக இருக்கிறதா என்று திருத்தித் திருத்தி எழுதுவது, எழுதியதை யாரிடமாவது காட்டிப் பாவமன்னிப்புபோல ஒப்பிப்பது ஆகியவை தொடங்கிவிட்டால் நோட்டே சடங்காகிவிட்டது என்று பொருள். அப்போது மூன்று வரியோடு நிறுத்துங்கள்.

சரிபார்க்கும் வகை ஓசிடி உள்ள ஒரு பெண் எழுதக்கூடிய குறிப்பு இப்படி இருக்கும்: "சனிக்கிழமை காலை, கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பும் நேரம். சிலிண்டர் ரெகுலேட்டரைத் திறந்தபடி விட்டுவிட்டால் ராத்திரி வீடு பற்றிக்கொள்ளும் என்ற பயம். ஒருமுறை மூடிப் பார்த்தேன். பிறகு போனில் படம் எடுத்தேன். செங்கல்பட்டு தாண்டும்வரை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவரிடம் நான்கு முறை கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்து ஜன்னல் வழியாக வாசனை வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஞாயிறு இரவு வந்தபோது எல்லாம் மூடியே இருந்தது."

இக்குறிப்பில் பார்க்க வேண்டிய இடம் பயம் அன்று. அலுவலகம் போகும் நாட்களில் இந்தப் பெண் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வெளியேறப் பழகியிருந்தார். ஆனால் அந்த நாட்களிலெல்லாம் மாலையில் வீடு திரும்பிவிடுவார். இரவு முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் சூழலில் அவர் ஒருநாளும் பயிற்சி செய்ததில்லை. சறுக்கல் காட்டிக்கொடுத்தது இந்த ஓட்டையைத்தான். கூடவே இன்னொன்றையும் காட்டியது: கையால் திருகிப் பார்ப்பது குறைந்தபோது போன் படம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

படம் ஏன் உதவவில்லை என்பதற்கு ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹவுட், கிண்ட் ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், நோயில்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்தார்கள். அவர்கள் நினைவு தவறவில்லை. கடைசியாகப் பார்த்ததைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் தங்கள் நினைவின் மீதான நம்பிக்கை குறைந்துபோயிருந்தது, நினைவும் மங்கலாக இருந்ததாகச் சொன்னார்கள். சந்தேகம் இருப்பதால் சரிபார்க்கிறோம் என்று நாம் எண்ணுகிறோம். சரிபார்ப்பதே சந்தேகத்தை வளர்க்கிறது.

நான்காம் படி: ஒளிந்திருக்கும் சடங்குகளைத் தேடுதல்

வெளியே தெரியும் சடங்குகள் நின்றபின் உள்ளே போய் ஒளிந்துகொண்டவை பல சறுக்கல்களுக்கு அடியில் இருக்கும். நடந்ததை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, கெட்ட எண்ணம் வந்தவுடன் நல்ல எண்ணத்தை வைத்து ஈடுகட்டுவது, பிள்ளையாரை மூன்று சுற்றுக்குப் பதில் "சரியாக வந்தது" என்று தோன்றும்வரை சுற்றுவது, நோய் அறிகுறிகளை இணையத்தில் தேடிக்கொண்டே இருப்பது, ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் வேறு வேறு சொற்களில் கேட்பது ஆகிய எல்லாம் இவ்வகையே. "எனக்கு இருப்பது உண்மையிலேயே ஓசிடிதானா" என்று மருத்துவரிடமும் இணையத்திலும் மாறிமாறிக் கேட்பதும் இதில் சேரும். சடங்கா இல்லையா என்று தெரியாத ஒன்றை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: இதைத் தகவலுக்காகச் செய்கிறேனா, இந்தப் படபடப்பு இப்போதே அடங்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறேனா?

நம் வழக்கங்களோடு நோய் கலந்துவிடும் இடங்கள் தனிக் கவனம் கேட்பவை. துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வருவது பலர் வீட்டு வழக்கம். அதில் நோய் எதுவும் இல்லை. வீட்டில் மற்றவர்கள் ஒருமுறை குளித்துத் துணியை நனைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவரோ, பர்ஸையும் செருப்பையும் செல்போனையும் கழுவி, அங்கே கைகொடுத்த உறவினர் தொட்ட இடத்தை நினைத்து மீண்டும் குளியலறைக்குள் போகிறார். வழக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. சடங்குக்கு முடிவு என்பது "இப்போது சரியாகிவிட்டது" என்ற உணர்வு மட்டுமே. அந்த உணர்வு வந்து சேர்வதில்லை. தீட்டு, பொங்கலுக்கு முந்தைய வீடு சுத்தம், விரதம் ஆகியவை நெருங்கும்போது, வீட்டில் இவற்றை மிக இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஒருவரை அளவாக வைத்துக்கொண்டு அவர் செய்யும் அளவோடு நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். அந்த நேரத்தில் முடிவெடுக்கலாம் என்று விட்டுவிட்டால் முடிவை நோய் எடுத்துவிடும்.

ஐந்தாம் படி: உடலையும் மாத்திரையையும் கணக்கில் எடுத்தல்

தூக்கம் கெட்ட வாரம், தேர்வு, வேலை மாற்றம், வீட்டில் ஒரு மரணம், கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் ஆகியவற்றில் ஓசிடி கூடுவது பரவலாகக் காணப்படுவதே. குறிப்பை எழுதும்போது அந்த வாரத்தின் தூக்கத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

மாத்திரை விஷயத்தில் சற்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் சறுக்கல்களில் கணிசமானவை இங்கே தொடங்குகின்றன. ஃபுளூவாக்சமின், ஃபுளூக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் ஓசிடியில் முழுப் பலனைக் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். மனச்சோர்வுக்குத் தரப்படுவதைவிடக் கூடுதலான அளவும் பெரும்பாலும் தேவைப்படும். பலன் தெரிந்தவுடன் "இனி எதற்கு மாத்திரை, பழகிவிடும்" என்று உறவினர் யாராவது சொல்வார்கள்; நாமும் நிறுத்துவோம்; பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாத்திரை பலனளித்தபின் ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்து, அதன்பிறகும் ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 10 முதல் 25 விழுக்காடாகப் படிப்படியாகவே குறைக்கச் சொல்கிறது. எனவே சறுக்கல் வந்தால், கடந்த இரண்டு மாதங்களில் மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது, அளவு மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பயிற்சியைத் திருத்தி அமைத்தல்

குறிப்பிலிருந்து கிடைத்ததைக் கொண்டு பயிற்சிப் பட்டியலில் ஒன்றைச் சேருங்கள். ஒரே ஒன்று போதும். மேலே பார்த்த பெண்ணின் பட்டியலில் சேர வேண்டியது, உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்குவது, படம் எடுக்காமல், யாரிடமும் கேட்காமல். அது உடனே முடியாதென்றால், படம் எடுத்தாலும் பேருந்து ஏறுமுன் அழித்துவிடுவது என்று ஒரு படி கீழே தொடங்கலாம்.

ஒரே பயிற்சியை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் செய்தால் புதிய பாடம் அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே வீட்டுக் குழாயில் பழகியதைப் பேருந்து நிலையத்திலும், தனியாகப் பழகியதை மற்றவர் முன்னிலையிலும், மனம் அமைதியாக இருக்கும்போது பழகியதை அவசரத்திலும் செய்து பாருங்கள். படபடப்பு குறைந்தால்தான் பயிற்சி வெற்றி என்ற கணக்கும் வேண்டாம். படபடப்போடே சடங்கைச் செய்யாமல் அன்றைய வேலையை முடித்தால் அதுவே வெற்றி.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?" என்ற ஒரு கேள்வி எவ்வளவு தொலைவுக்கு ஒருவரைப் பின்னால் தள்ளும் என்பதைக் கேட்டவர்கள்தான் அறிவார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில், பாசத்தால் சடங்கில் பங்கெடுப்பதும் நோய்க்கே உதவுகிறது: கேட்கும்போதெல்லாம் "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்வது, அவருக்காகக் கதவைத் திறந்துவிடுவது, அவர் சொன்னபடி துணியை இரண்டுமுறை துவைப்பது. இவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் சண்டைதான் மிஞ்சும். அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசி, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும்.

அதன்பின் மகன் வந்து, "அம்மா, இந்தத் தட்டு சுத்தமா?" என்று கேட்டால், "இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு பேசி வச்சிருக்கோம்ல கண்ணு. கஷ்டமா இருக்குன்னு தெரியுது. வா, கொஞ்ச நேரம் கூட உக்காந்திருக்கேன்" என்று சொல்லலாம். பதில் கிடைக்கவில்லை, ஆனால் ஆள் துணை கிடைத்தது.

மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டிய நேரம்

சடங்குகள் மீண்டும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கத் தொடங்கினாலோ, இரண்டு வாரமாகக் கூடிக்கொண்டே போனாலோ, சாப்பாடு, தூக்கம், வேலை, பள்ளி ஆகியவை கெட்டாலோ தாமதிக்க வேண்டாம். ஈ.ஆர்.பி. முடிந்தபின் 3 முதல் 6 மாதங்களுக்கு மாதம் ஒருமுறை சந்திப்பது நல்லது என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது; அச்சந்திப்புகளை "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று விட்டுவிடுபவர்கள் பலர். போகும்போது சறுக்கல் குறிப்புகளில் கடைசி மூன்றையும், மாத்திரையின் பெயர், அளவு, விட்டுப்போன நாட்கள் ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்தத் தாள் நிறையப் பேசும். ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உள்ள இடம் வேண்டுவோர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையை அணுகலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வந்தால் சந்திப்பு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.